பதினெட்டுப் பெட்டிகளுக்கு ஓர் ஆணை

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குத் தேன்காரரின் நாற்பது பெட்டிகளில் இருபத்திரண்டு பேச்சை நிறுத்திவிட்டன. தேனீப் பெட்டிக்கு ஒரு பேச்சு உண்டு. பக்கப் பலகையில் காதை வைத்தால், உள்ளே ஒரு பெருங்கூட்டம் தன் குடும்ப விவகாரங்களை ஓயாமல் விவாதித்துக்கொண்டிருப்பது கேட்கும். பதினாறு ஆண்டுகளாக அந்தப் பேச்சைக் கேட்டே பொழுதைத் தொடங்கிப் பழகியவர், அன்று பெட்டி பெட்டியாகக் காதை வைத்துக்கொண்டே போனார். பலகையின் குளிர்ச்சிதான் காதில் ஏறியது. வாசல்களின் முன்னால் தேனீக்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. கால்களில் மஞ்சள் மகரந்தம் அப்படியே ஒட்டியிருந்தது. நாக்கு வெளியே நீண்டிருந்தது. இன்னும் சாகாதவை மல்லாந்து கிடந்து தரையில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன.

காரணத்தைத் தேடி அவர் அலைய வேண்டியிருக்கவில்லை. ஏழு மணிக்குக் கிழக்குப் பூசணி வயல்களில் வாரியத்தின் தெளிப்பு இயந்திரம் வந்து, வண்டுக்கு மருந்தடித்துவிட்டுப் போயிருந்தது. விஷத்துக்கு மருந்து என்று பெயர் சூட்டிய பெருந்தகை எவரோ, அவர் இன்று உயிரோடு இருந்தால் வாரியத்தின் தலைமைப் பொறுப்பில்தான் இருப்பார். பூசணிப் பூ விடியலில் விரிந்து, பதினோரு மணிக்குள் வாயை மூடிக்கொள்ளும். தேனீக்கள் அதற்குள் போய் வந்து முடித்துவிடும். ஆக, ஒரு நாளின் இருபத்து நான்கு மணி நேரத்தில் பூவும் தேனீயும் கூடியிருக்கும் ஐந்தே மணி நேரத்தைத் தேடிப் பிடித்து, அதன் நடுவில் மருந்தடிக்கும் துல்லியம் வாரியத்துக்கு வாய்த்திருந்தது.

அதன் முழுப் பெயர் பயிர்ப் பாதுகாப்பு, பூச்சிப் பாதுகாப்பு மற்றும் பொதுப் பாதுகாப்பு வாரியம். ஒரே பெயரில் மூன்று பாதுகாப்பை வைத்துக்கொண்ட நிறுவனம் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. யாருக்கு, யாரிடமிருந்து என்பதை மட்டும் அந்தப் பெயர் சொல்லவில்லை.

வயலின் சொந்தக்காரரான பூசணிக்காரர் வரப்பில் நின்று தலையைச் சொறிந்தார்.

"நான் என்ன அண்ணே பண்றது? வேண்டாம்னு சொன்னா, 'வண்டு வளர்ப்பவர்'னு பேர எழுதி வாசல்ல ஒட்டிட்டுப் போறாங்க. நானா பாத்து அடிக்கச் சொன்னேன்?"

அவர் கைகாட்டிய மின்கம்பத்தில் புதிய அறிவிப்பு ஒன்று ஒட்டப்பட்டிருந்தது. 'இரண்டாம் சுற்று: வியாழக்கிழமை, காலை ஏழு மணி, மேற்கு வயல்கள்.' தேன்காரரிடம் எஞ்சியிருந்த பதினெட்டுப் பெட்டிகளும் மேற்கு வயல் ஓரத்தில்தான் இருந்தன. அவை இன்னும் பேசிக்கொண்டிருந்தன.

அவருடைய மனைவி யோசிக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை. "இன்னைக்குப் பொழுது சாஞ்சதும் மிச்சப் பெட்டிய வண்டியில ஏத்திடலாங்க. எங்க சித்தப்பா தோப்புல இடம் கிடக்கு. எல்லாம் கூட்டுக்குள்ள வந்ததும் வாசல மூடிக் கட்டினா, ஒரே நடையில முடிஞ்சிடும்."

"ஓடிப் போறதுக்கு நாம என்ன திருடங்களா?" என்றார் தேன்காரர். "அதுக்குன்னு ஒரு வாரியம் இருக்கு. போய்ச் சொன்னா, காலையை சாயங்காலமா மாத்திடப் போறாங்க. ஒரே ஒரு வார்த்தை."

"வார்த்தை ஒண்ணுதான். அத மாத்த எத்தனை பேரு வேணும்னு போய்ப் பாத்துட்டு வாங்க."

அவளுடைய ஆத்திரத்துக்கு ஆள் வேறொருவன் இருந்தான். இயந்திரத்தை ஓட்டி வந்தவன் அவள் கூடப் பிறந்த தம்பி. காலி மருந்து டப்பாக்களைப் பொறுக்க மறுபடி வயலுக்கு வந்து, முகத்தில் கட்டிய துணியை இறக்கிவிட்டு, அக்காவின் கண்ணில் படாமல் நழுவப் பார்த்தவனை அவள் மடக்கினாள்.

"ஏண்டா, அந்த டப்பா மேல என்ன எழுதியிருக்குன்னு ஒரு நாளாவது பாத்திருக்கியா?"

"பாத்தேன்க்கா. 'பூக்கும் காலத்தில் தெளிக்காதீர், தேனீக்களுக்குக் கேடு'ன்னு எழுதியிருக்கு."

"அப்புறம் எதுக்குடா அடிச்ச?"

"படிச்சேன்னு சொன்னா மேல இருக்கறவங்க கேப்பாங்க, ஓட்டற ஆளுக்குப் படிக்கற வேலைய யாரு குடுத்தான்னு." அவன் மாமாவின் பக்கம் திரும்பி, காலி டப்பா ஒன்றை நீட்டினான். "மாமா, இத எடுத்துட்டுப் போங்க. நான் குடுத்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

*

வாரிய அலுவலகத்தின் முகப்பில், மலர் ஒன்றின் மேல் தேனீ அமர்ந்து சிரிக்கும் சின்னம் பொறிக்கப்பட்டிருந்தது. தேன்காரர் அதைப் பார்த்து நிம்மதியடைந்தார். சின்னத்தில் எதை வைத்திருக்கிறார்களோ அதை நெஞ்சிலும் வைத்திருப்பார்கள் என்று நம்பும் அப்பாவிகளில் அவரும் ஒருவர்.

எழுத்தர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். தலைப்பில் 'கால்நடை இழப்பு' என்று இருந்தது.

"காது வில்லை எண் என்ன?"

"காதா? தேனீங்க சார்."

"இல்லைன்னு போடறேன். கொம்பு வளைஞ்சதா, நேரா?"

"கொம்பே கிடையாதுங்க."

"மொட்டை. சரி, கறவையா, சினையா?"

தேன்காரர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பன்னிரண்டு. வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று இரவுகள் இருந்தன. நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார்.

எழுத்தர் தாமே முடிவெடுத்தார். "தேன் குடுக்குதில்ல? கறவைன்னு போட்டுக்கலாம். செத்த இடம்?"

"பெட்டி வாசல்லங்க."

"யாரு பெட்டி?"

"என் பெட்டிதான்."

எழுத்தர் பேனாவைக் கீழே வைத்தார். வழக்கு முடிந்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் பரவியது. "அப்போ எங்க வயல்ல சாகலை. வாரியத்தோட எல்லைக்குள்ள செத்தாத்தான் வாரியம் பொறுப்பு. இங்க வந்து குடிச்சிட்டு, வீட்டுக்குப் போய் செத்தா நாங்க என்ன சார் பண்ண முடியும்?"

"வயல்லயும் நிறைய செத்துக் கிடக்குதுங்களே!"

"அனுமதி இல்லாம வயலுக்குள்ள நுழைஞ்சதுங்களா? அது அத்துமீறல். அதுக்கு உங்க மேல போடற படிவம் தனியா இருக்கு. தரட்டுங்களா?"

வீட்டு வாசலில் இறந்தவை வாரியத்துக்கு அந்நியர்கள். வயலில் இறந்தவை குற்றவாளிகள். பறந்துகொண்டிருக்கும்போதே இறந்தவை எந்தப் பிரிவில் அடங்கும் என்று கேட்கத் தேன்காரருக்குத் துணிச்சல் வரவில்லை. அவற்றுக்கும் ஒரு படிவம் இருந்துவிட்டால்?

"செத்தது போகட்டும் சார்," என்றார். "இருக்கறதக் காப்பாத்தணும். வியாழக்கிழமை காலை ஏழு மணிங்கறத மாத்தணும். சாயங்காலம் ஆறு மணின்னு வைங்க. முடியலையா, காலையில பதினோரு மணிக்கு மேல வைங்க. பூ மூடிடும், ஈயெல்லாம் கூட்டுக்கு வந்துடும், வண்டு மட்டும் சாகும். எனக்கு வேற ஒண்ணுமே வேண்டாம்."

"அது கோரிக்கை. கோரிக்கை வைக்கணும்னா முதல்ல புகார் இருக்கணும். புகார் இல்லாதவருக்கு எதுக்குக் கோரிக்கை?"

தேன்காரர் புகாரில் கையெழுத்திட்டார். படிவத்தின் அடியில் எறும்பு ஊர்ந்தாற்போன்ற எழுத்தில் நான்கு வரிகள் இருந்தன. அவற்றைப் படிக்க அவர் கண்ணாடியைத் தேடுவதற்குள் எழுத்தர் முத்திரையைக் குத்திவிட்டார்.

*

அந்த நான்கு வரிகள் செவ்வாய்க்கிழமை பிற்பகல் இரண்டு கால்களோடு வந்து சேர்ந்தன. வாரியத்தின் கள ஆய்வாளர், அரக்கு, மெழுகுவத்தி, சிவப்பு நாடா ஆகிய ஆயுதங்களோடு மேற்கு வயலோரம் இறங்கினார். செத்த பெட்டிகள் இருபத்திரண்டையும் ஏறிட்டும் பார்க்கவில்லை. நேராக உயிருள்ள பதினெட்டிடம் போய், ஒவ்வொன்றையும் நாடாவால் சுற்றி, நாடாவின் முனையைத் தரையில் அடித்த முளையோடு கட்டி, முடிச்சின் மேல் அரக்கு முத்திரை வைத்தார். பாவம், அவர் கெட்டவர் அல்லர். தேனீக்கு அஞ்சி நடுங்கிக்கொண்டே கடமையைச் செய்தார். நடுங்கிக்கொண்டே செய்யப்படும் கடமைதான் உலகத்தில் அதிகம்.

"எதுக்கு சார் இதெல்லாம்?" என்றாள் மனைவி. "இன்னைக்கு சாயங்காலம் ஏத்திட்டுப் போறதுக்கு வண்டி சொல்லியாச்சு."

"ஏத்தறதா? இது சாட்சிங்கம்மா. செத்தது பேசாது. உயிரோட இருக்கறதுதான் சாட்சி. விசாரணை முடியற வரைக்கும் சாட்சி இடம் மாறக் கூடாது. மாத்தினா மொத்தப் பெட்டியும் பறிமுதல்."

"விசாரணை என்னைக்கு முடியும்?"

"அது விசாரிச்சாத்தான் தெரியும்."

"வியாழக்கிழமை ஏழு மணிக்கு மருந்தடிச்சு சாட்சியெல்லாம் செத்துட்டா?"

ஆய்வாளர் மெழுகுவத்தியை ஊதி அணைத்துவிட்டுச் சற்றே சிந்தித்தார். "செத்துட்டா இடம் மாறாதுங்களே," என்றார்.

அவர் போன பிறகு மனைவி கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு ஆய்வாளரின் அரக்கே தேவலை. "புகார் குடுக்காம இருந்திருந்தா நம்ம பெட்டி நம்மளுது. இப்போ பாருங்க, நம்ம பெட்டிய நாமளே தொட்டா திருட்டு. போங்க, நாளைக்கும் போங்க. போய் என்னையும் எழுதிக் குடுத்துட்டு வாங்க, ஒரு நாடா கட்டி விட்டுடுவாங்க."

தேன்காரர் அன்று உட்கார்ந்த இடத்தில் உட்காரவில்லை. பதினெட்டுப் பெட்டிகளையும் சுற்றிச் சுற்றி வந்தார். வாசலை மட்டுமாவது கம்பிவலையால் அடைத்துவிட்டால் என்ன? வியாழன் காலை மட்டும் உள்ளே இருந்தால் போதுமே. ஆனால் நாடா வாசலின் குறுக்காகப் போயிருந்தது. தேனீ நுழையும் அளவுக்கு அடியில் இடைவெளி இருந்தது. மனிதக் கை நுழையும் அளவுக்கு இல்லை.

*

புதன்கிழமை விசாரணை நடந்தது. இயக்குநரின் மேசை மேல் பிளாஸ்டிக் மலர்கள் நிறைந்த ஜாடி ஒன்று இருந்தது. வாடாது, உதிராது, தேனீயும் வராது. அலுவலகத்தில் மிகுந்த ஒழுங்கோடு பணியாற்றிக்கொண்டிருந்தவை அவையே. இயக்குநருக்குப் பக்கத்தில் ஒரு நிபுணர் அமர்ந்திருந்தார். ஓர் ஓரத்தில் எழுத்தர். தேன்காரருக்கு நாற்காலி போடப்பட்டிருந்தது. அவரால்தான் அதில் நிலைகொள்ள முடியவில்லை.

"தேனீன்னா எனக்கு உயிர்," என்று இயக்குநர் தொடங்கினார். "முப்பது வருஷ சர்வீஸ்ல ஒரு தேனீயக் கூட நான் என் கையால கொன்னதில்லை. போன வருஷம் தேனீ தினம் கொண்டாடினோம், தெரியுமா? இந்த மண்டபம் நிறைய தேனீ வேஷம் போட்ட ஆட்கள். ஒருத்தருக்காவது ஒண்ணு ஆச்சா?"

"ஆகலைங்க," என்றார் எழுத்தர்.

"அப்புறம் சட்டப்படி பேசுவோம். எங்க மருந்து பூச்சிய மட்டுந்தான் கொல்லும். தேனீ பூச்சியா, இல்லையாங்கறது வாரியத்துல இன்னும் முடிவாகலை. கமிட்டி உக்காந்திருக்கு. பூச்சின்னு முடிவானா, செத்தது முறைதான். பூச்சி இல்லைன்னு முடிவானா, பூச்சி மருந்தால அது சாகவே முடியாது. எப்படி முடிவானாலும் உங்க புகார் நிக்காது பாருங்க. அவ்வளவு நியாயமா யோசிச்சு வச்சிருக்கோம்."

நிபுணர் தொண்டையைச் செருமினார். "அறிவியல்படி சொல்றேன். மருந்தால தேனீ சாகறதில்லை. மருந்து பட்டா அதுக்குக் கொஞ்சம் திசை தடுமாறும், அவ்வளவுதான். வீட்டுக்கு வழி தெரியாது. சுத்திக்கிட்டே இருக்கும். சாப்பாடு கிடைக்காது. அப்புறம் பசியில செத்துப்போகும். நாக்கு நீட்டிக்கிட்டுக் கிடக்கே, கவனிச்சீங்களா? பசி. இது பட்டினிச் சாவு. வேற துறை."

தேன்காரர் பையிலிருந்த டப்பாவை மேசை மேல் வைத்தார். "இதுல எழுதியிருக்குதுங்களே சார். பூக்கும் காலத்தில் தெளிக்காதீர்னு."

மூவரும் டப்பாவை உற்றுப் பார்த்தார்கள். வாரியத்தின் வரலாற்றில் அந்த எழுத்துகள் அறைக்குள் நுழைந்தது அதுவே முதல் முறை.

"இது வெளியாளுங்களுக்கு எழுதினது," என்றார் இயக்குநர். "எவனாவது கண்ட நேரத்துல அடிச்சு வைக்கப் போறான்னு கம்பெனிக்காரன் பயந்து எழுதியிருக்கான். நாங்க கண்ட நேரத்துல அடிக்கறதில்லை. ஏழு மணின்னா ஏழு மணிதான். ஒரு நிமிஷம் முன்ன பின்ன இருக்காது. எழுத்தரே, வாரிய டப்பா வெளிய போயிருக்கு, குறிச்சுக்கங்க."

"சார், அந்த ஏழை ஆறு ஆக்குங்க சார், சாயங்காலம் ஆறு!" தேன்காரர் எழுந்தே விட்டார். "இல்லேன்னா பதினொண்ணு ஆக்குங்க. நாளைக்குக் காலையில அடிச்சா பதினெட்டும் போயிடும். எல்லாம் போயிட்டா, அப்புறம் எங்கயிருந்து நான் தொடங்கறது?"

இயக்குநருக்கு இரக்கம் வந்தது. அவர் இரக்கப்பட்டால் விதிப் புத்தகத்தைத்தான் எடுப்பார். "இயந்திரப் பிரிவு வேலை நேரம் ஆறிலிருந்து பன்னிரண்டு. பதினொண்ணுக்கு மேல இயந்திரம் கழுவற நேரம், அத யாரும் தொட முடியாது. சாயங்காலம் ஆறுன்னா மேற்பார்வைக்கு ஆள் இல்லை, அஞ்சு மணிக்குப் போயிடுவாங்க. ஆட்களோட நேரத்த மாத்தணும்னா மேலிடம், நிதி, சங்கம், எல்லாரும் கையெழுத்துப் போடணும். ஆறு மாசம்." பிறகு அவர் முகம் மலர்ந்தது. "ஆனா தேனீக்கு அப்படி இல்லையே! அதுங்களுக்கு வேலை நேரம்னு விதியே கிடையாது. யார் கையெழுத்தும் வேண்டாம். தேனீயோட நேரத்த இப்பவே மாத்திடறேன். எழுத்தரே, எழுதுங்க."

அவர் நின்றுகொண்டு சொல்லச் சொல்ல, எழுத்தர் ஏழு பக்கம் எழுதினார். வாரியம் தோன்றிய வரலாறு, பூசணியின் பொருளாதாரம், வண்டின் கொடுமை, தேனீக்களுக்கு வாரியம் ஆற்றிவரும் தொண்டு, யாவும் அதில் இடம்பெற்றன. ஆறாம் பக்கத்தின் இறுதியில் ஆணை வந்தது: 'மேற்படி பதினெட்டுப் பெட்டிகளைச் சேர்ந்த தேனீக்கள் யாவும் வியாழக்கிழமை காலைத் தெளிப்பு முடியும் வரை தத்தம் கூட்டுக்குள்ளேயே இருத்தல் வேண்டும், மீறி வெளியில் செல்வன, தம் சொந்தப் பொறுப்பில் செல்வனவாகக் கருதப்படும்.'

தேன்காரருக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஒரு நூலிழை நம்பிக்கை பிறந்தது. "சரிங்க சார், அப்படியே இருக்கட்டும். வெளிய போகாம நானே வாசல அடைச்சிடறேன். அந்த நாடாவ மட்டும் அவிழ்க்க அனுமதி குடுங்க. நாலு மணி நேரம்."

இயக்குநர் அதிர்ந்துபோனார். "அடைக்கறதா? சாட்சியக் கலைக்கறதா? நாங்க பலவந்தத்துல நம்பிக்கை உள்ளவங்க இல்லை. தேனீங்க தாமா உணர்ந்து கீழ்ப்படியணும். அதுதான் நிர்வாகம்."

மேற்கு வயலைச் சுற்றியுள்ள மரப்பொந்துகளிலும் தேனீக்கள் வாழ்ந்தன. அவற்றுக்குப் பெட்டி இல்லை, சொந்தக்காரர் இல்லை, ஆகவே ஆணையும் இல்லை. அவை முகவரியற்ற குடிமக்களைப் போலக் கேட்பாரின்றிச் சாகும் சுதந்திரம் பெற்றிருந்தன.

*

வீட்டுக்கு வந்த தேன்காரர் ஆணையின் நகலை மனைவியின் முன்னால் போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றார். அவள் விளக்கை ஏற்றிக்கொண்டு, அதை முதல் எழுத்திலிருந்து சத்தமாகப் படித்தாள். வாரியத்தின் வரலாற்றில் ஓர் ஆணையை இறுதிவரை படித்த முதல் வெளியாள் அவளாகத்தான் இருக்க வேண்டும். ஏழாம் பக்கத்தின் கடைசி வரிக்கு வந்தபோது அவள் குரல் நின்றது. கடிகாரத்தைப் பார்த்தாள். விரல் விட்டு ஏதோ எண்ணினாள். மூன்று நாட்களில் முதல் முறையாகச் சிரித்தாள்.

"என்னம்மா?"

"இதக் கேளுங்க. 'சம்பந்தப்பட்டவருக்கு முழுமையாக வாசித்துக் காட்டப்படாத எந்த ஆணையும் செல்லாது என்னும் பொதுவிதியின்படி, இவ்வாணை ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனியே முழுமையாக வாசிக்கப்பட்ட பின்னரே தெளிப்பு தொடங்கப்படும்.'"

"அது எப்பவும் கடைசியில போடறதாம். எழுத்தர் அவரா சேத்துக்கிட்டாரு."

"நல்லா இருக்கட்டும் அவரு. நான் படிக்க எவ்வளவு நேரம் ஆச்சு தெரியுமா? பதினேழு நிமிஷம். பதினெட்டுப் பெட்டி. கணக்குப் போட்டுப் பாருங்க."

தேன்காரர் சுவரை விட்டுத் திரும்பினார்.

*

வியாழக்கிழமை காலை ஏழு அடிக்க ஐந்து நிமிடம் இருந்தபோது தெளிப்பு இயந்திரம் மேற்கு வயலின் வரப்பில் வந்து உறுமியது. தம்பி ஓட்டுநர் இருக்கையில் துணி கட்டிய முகத்தோடு அமர்ந்திருந்தான். பூக்கள் மஞ்சள் வாய்களைத் திறந்து வைத்திருந்தன. பதினெட்டுப் பெட்டிகளிலிருந்தும் தேனீக்கள் புறப்பட்டு, ஆணையைப் பொருட்படுத்தாமல் கும்பல் கும்பலாகப் பூவுக்குள் இறங்கிக்கொண்டிருந்தன.

ஆய்வாளர் பெட்டிகளுக்குப் பத்தடி தள்ளி நின்று, ஆணையை உயர்த்திப் பிடித்தார். "எல்லாருக்கும் பொதுவா ஒரு தடவை படிச்சிடறேன்."

"பொதுவாவா?" என்றாள் மனைவி. "கடைசி வரிய நீங்களே படிங்க சார். தனித்தனியான்னு போட்டிருக்கு. ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ராணி. ஒரு ராணிக்குச் சொன்னது இன்னொரு ராணிய எப்படிக் கட்டுப்படுத்தும்? நாளைக்கு நான் மேல எழுதிப்போட்டா உங்க வேலைக்குத்தானே ஆபத்து?"

மேலே எழுதிப்போடுவது என்ற சொல்லுக்கே ஆய்வாளர் தாள்களை முதல் பக்கத்துக்குத் திருப்பினார். அவர் முதல் பெட்டியின் முன் குந்தினார். "பயிர்ப் பாதுகாப்பு, பூச்சிப் பாதுகாப்பு மற்றும் பொதுப் பாதுகாப்பு வாரியத்தின்..."

"இன்னும் சத்தமா சார். உள்ள பேசிக்கிட்டு இருக்குதுங்க, காதுல விழாது."

ஏழே கால் ஆயிற்று, ஏழரை ஆயிற்று. இயந்திரம் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது. தேன்காரரால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. இயந்திரத்துக்கும் பெட்டிக்குமாக நடந்தார். ஒவ்வொரு நிமிடமும் ஓராயிரம் தேனீக்கள் அவர் தலைக்கு மேலே பூவுக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே தள்ள முடியாதா என்று அவர் கை பரபரத்தது. ஐந்தாவது பெட்டியில் ஆய்வாளர் இரண்டு தாள்களைச் சேர்த்துப் புரட்டினார்.

"மூணாம் பக்கம் விட்டுப்போச்சு சார்."

"அது வண்டப் பத்தினதும்மா. தேனீக்கு எதுக்கு?"

"முழுமையாகன்னு போட்டிருக்கே. வண்டோட கொடுமையத் தெரிஞ்சுக்க வேண்டாமா அதுங்களும்? முதல்லருந்து படிங்க."

ஏழாவது பெட்டியில் தேனீ ஒன்று ஆய்வாளரின் மூக்கின் மேல் வந்தமர்ந்தது. அவர் கையை ஓங்கினார்.

"சாட்சிய அடிக்கப் போறீங்களா?" என்று தேன்காரர் பதறினார். தம் வாயிலிருந்து வாரியத்தின் மொழி அவ்வளவு சரளமாக வந்ததைக் கேட்டு அவருக்கே வியப்பு. ஆய்வாளர் கண்ணிரண்டையும் மூக்கை நோக்கிக் குவித்தபடி, பூசணியின் பொருளாதாரத்தைத் தொடர்ந்து வாசித்தார்.

ஒன்பதரைக்கு அவர் குரல் கட்டிவிட்டது. தம்பி இருக்கையிலிருந்து கத்தினான். "சார், அடிக்கலாமா, வேண்டாமா? எண்ணெய் தீருது!"

"நிறுத்துடா! பத்தாவது பெட்டி இன்னும் கேட்டுக்கிட்டு இருக்கு!" என்று ஆய்வாளரே கத்தினார்.

தம்பி இயந்திரத்தை அணைத்தான். உறுமல் நின்றதும் வயல் முழுவதும் தேனீக்களின் ஓசை கேட்டது. அவன் முகத்துணியை இறக்கிக்கொண்டு அக்காவைப் பார்த்தான். அக்கா கையைக் கட்டிக்கொண்டு ஆய்வாளரின் உதடுகளையே கண்காணித்துக்கொண்டிருந்தாள்.

பத்தே முக்காலுக்குப் பூசணிப் பூக்கள் ஒவ்வொன்றாகச் சுருங்கத் தொடங்கின. தேன்காரர் வயலுக்குள் இறங்கி ஒரு பூவைக் குனிந்து பார்த்தார். இதழ்களின் ஓரம் உட்பக்கம் மடங்கியிருந்தது. காலில் மஞ்சள் மூட்டையைச் சுமந்தபடி தேனீக்கள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பின. ஆய்வாளர் பதினான்காம் பெட்டியின் ஆறாம் பக்கத்தில் இருந்தபோது தம்பி கையிலிருந்த கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"பதினொண்ணு ஆச்சு சார். கழுவற நேரம்."

"இன்னும் நாலு பெட்டிதான்டா!"

"அத யாரும் தொட முடியாதுன்னு இயக்குநரே சொல்லியிருக்காராமே," என்று சொல்லிவிட்டு அவன் இறங்கி வாளியை எடுத்தான். முகத்தில் ஓர் அசைவும் இல்லை. அக்காவைக் கடக்கும்போது மட்டும் வாளி ஒரு முறை குலுங்கியது.

தேன்காரர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். திங்கட்கிழமைக்குப் பிறகு அவர் உடம்பு ஓரிடத்தில் தங்கியது அப்போதுதான். ஆய்வாளர் எஞ்சிய நான்கு பெட்டிகளுக்கும் படித்து முடித்தார். பாதியில் விட்ட ஆணை செல்லாதே. படித்து முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். வயலில் ஒரு தேனீ இல்லை. எல்லாம் கூட்டுக்குள் இருந்தன. அவர் கண்கள் அகன்றன. கைப்பேசியை எடுத்து இயக்குநரை அழைத்தார்.

"சார், ஆணைய வாசிச்சேன் சார். கூட்டுக்குள்ள இருக்கணும்னு சொன்னீங்கல்ல? இருக்குது சார்! எல்லாமே! ஒண்ணு கூட வெளிய இல்லை!"

கைப்பேசியின் ஒலிபெருக்கி வழியே இயக்குநரின் குரல் வயல்வெளியில் பரவியது. "பாத்தீங்களா? பாத்தீங்களா? ஆணைன்னா அது ஆணை! கீழ்ப்படிதல்ல மனுஷங்களுக்கே பாடம் சொல்லுதுங்க! இத அறிக்கையில முதல் பக்கத்துல போடுங்க. தேனீங்க ஒத்துழைக்கறதால புகாருக்கு முகாந்திரம் இல்லை. கோப்ப மூடிடுங்க, முத்திரைய எடுத்திடுங்க. ஒரு தடவ கேட்டதுங்களே, திரும்பத் திரும்பப் படிக்க வேண்டாம். நாளைக்குக் காலையில ஏழு மணிக்கே அடிச்சிடுங்க."

தேன்காரர் வரப்பிலிருந்து எழுந்தார். சொல்ல வாயெடுத்தார்: அவை கூட்டுக்குத் திரும்பியது பூ மூடியதால்; நாளை ஏழு மணிக்குப் பூ மறுபடி திறக்கும். மனைவி அவர் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"வாயத் திறக்காதீங்க," என்று முணுமுணுத்தாள். "திறந்தா அது புகார். மறுபடி நாடா கட்டுவான்."

ஆய்வாளர் பதினெட்டு முடிச்சுகளையும் அறுத்தார். பெற்றுக்கொண்டதற்குத் தேன்காரரிடம் பதினெட்டுக் கையெழுத்து வாங்கினார். தேன்காரர் அத்தனை வேகமாக எதிலும் கையெழுத்திட்டதில்லை.

பொழுது சாயும்வரை காத்திருந்தார்கள். கடைசித் தேனீயும் உள்ளே போனதும் வாசல்களைக் கம்பிவலையால் அடைத்து, பெட்டிகளைத் தூக்கி வண்டியில் அடுக்கினார்கள். தம்பி வேலை உடையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, பேசாமல் பின்பக்கம் தோள் கொடுத்தான். கனத்த பெட்டிகள் மூச்சு விடுவதுபோல் முனகின. பதினெட்டும் ஏறின. மரப்பொந்துகளைத் தேன்காரரால் ஏற்ற முடியவில்லை. அந்தப் பக்கம் பார்க்காமலே கயிற்றை இழுத்துக் கட்டினார்.

வண்டி கிளம்பும் நேரத்தில் பூசணிக்காரர் வரப்பில் ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"அண்ணே, என்ன அண்ணே இது? எல்லாத்தையும் ஏத்திட்டீங்க? இன்னும் பாதிப் பூ காய் பிடிக்கல அண்ணே. ஈ வந்து போகலைன்னா பிஞ்செல்லாம் வெம்பி விழுந்துடும். நாளைக்குக் காலையில எம் பூவுக்கு யாரு அண்ணே வருவா?"

தேன்காரர் வண்டியில் ஏறி மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏழு மணிக்கு வாரியம் வரும்," என்றார்.